துடக்கும் துப்புரவும்: யாழ்ப்பாணக் குடிமனையில் அருவருப்பின் சமூக அடிப்படை

சுத்தம் என்னுஞ் சொல் எமது வழக்கில் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. அழுக்கு நீக்கப்பட்ட நிலை ஒன்று. துடக்கு நீங்கிய நிலை மற்றொன்று. முன்னையது கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாவது. பின்னையது அவ்வாறு புலனாவதன்று. வந்தவர் யார், எவர் வயிற்றிற் பிறந்தவர் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே அது தீர்மானிக்கப்படும். யாழ்ப்பாணத்துக் குடிமனை வாழ்க்கையில் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்தே வழங்கி வந்துள்ளன. சாணகத்தால் மெழுகிய முற்றம் சுத்தமானது; தோய்த்து உலர்த்திய வேட்டியோடு அம்முற்றத்திற் கால்வைக்கும் பஞ்சமர் ஒருவர் அசுத்தமானவர். இம்முரண்பாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. சீர்திருத்தவாதிகள் பலர் அவ்வாறே செய்தனர். ஆயின், அருவருப்பு அறியாமையின் விளைவு மட்டுமேயாயின், பள்ளிக்கூடங்களும் பட்டதாரிகளும் மலிந்த ஒரு சமூகத்தில் அது ஏன் அத்துணைக் காலம் நீடித்தது என்பதற்கு விடை கிடையாது. அதன் வேரை உற்பத்தி உறவுகளிலே தேடுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

அருவருப்பு மனிதர் எல்லோர்க்கும் பொதுவான உணர்ச்சி என்பதில் ஐயமில்லை. எது அருவருக்கத்தக்கது என்பதிலேதான் ஒற்றுமை இல்லை. கையாற் பிசைந்து உண்பதும், மாட்டின் சாணகத்தை நிலத்திற் பூசுவதும் ஐரோப்பியருக்கு அருவருப்பூட்டின. அவர்களோ மூக்குச் சளியைத் துணியிற் பொதிந்து சட்டைப் பையில் வைத்துத் திரிந்தனர். மலங்கழித்தபின் தண்ணீர் தொடாது கடதாசியால் துடைத்தனர். தம் உடலழுக்குக் கரைந்த தொட்டி நீரிலே கிடந்து அதனைக் குளிப்பு என்றனர். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்துக் குளித்த எம்மவர்க்கு இவை எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய மேற்குடியினரின் உணவு மேசைப் பழக்கங்களை ஆராய்ந்த நோர்பேட் எலியாஸ், 1939 இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். முள்ளுக்கரண்டி முதலியன வழக்கில் வந்தமைக்குச் சுகாதாரம் காரணமன்று. அரசவைக் கனவான்கள் தம்மைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் கொள்ள முயன்றபோது வெட்கமும் அருவருப்பும் முதலில் வளர்ந்தன. சுகாதார நியாயங்கள் பின்னரே சேர்க்கப்பட்டன என்பது அவர் முடிபு. மேரி டக்ளஸ் 1966 இல், அழுக்கு என்பது இடந்தவறிய பொருளே, அது ஓர் ஒழுங்கமைப்பின் மறுபக்கம் என்று வாதிட்டார். இது பயனுடைய விளக்கமே. எனினும் அவ்வொழுங்கை அமைத்தவர் யார், அதற்குள் உழைத்தவர் யார், உண்டவர் யார் என்னும் வினாக்களை டக்ளஸின் ஆய்வு போதிய அளவு எழுப்பவில்லை. யாழ்ப்பாணத்தை நோக்கும்போது இவ்வினாக்களைத் தவிர்க்க முடியாது.

பழைய யாழ்ப்பாணத்து வசதியான குடிமனை ஒன்றின் அமைப்பைக் கருதுவோம். வெளியே கிடுகு வேலியும் படலையும். அப்பால் முற்றம், திண்ணை, உள்வீடு, அடுக்களை, கிணற்றடி. இவ்வொவ்வோர் எல்லையிலும் யார் நிற்கலாம், யார் இருக்கலாம், யார் தாண்டலாம் என்பது வகுக்கப்பட்டிருந்தது. மலசலகூடம் வீட்டோடு ஒட்டியிருப்பது அருவருப்புக்குரியது. வளவின் தொலைமூலையோ, வேலிக்கு அப்பாலுள்ள பனங்காணியோ அதற்குரிய இடமாயிற்று. பாத்திரங்களிலும் இவ்வெல்லை காணப்பட்டது. உதடு படாது அண்ணாந்து குடிப்பதற்கு வாய்ப்பாக அமைந்த மூக்குப்பேணி, எச்சில் பற்றிய அச்சத்தின் உலோக வடிவம் எனலாம். மாதவிலக்குற்ற பெண் அடுக்களைக்கும் கிணற்றுக்கும் புறம்பானாள். மரணம் நிகழ்ந்த வீட்டில் துடக்கு நாள்கள் எண்ணப்பட்டன. இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் தகும். வீட்டுப் பெண்ணின் துடக்கு நாளெண்ணித் தீர்வது, முழுகினாற் போவது. பஞ்சமர்மீது சுமத்தப்பட்ட துடக்கை முழுக்கு எதுவும் போக்காது. உடல்நிலை பற்றிய ஒரு கருத்து, பிறப்புநிலை பற்றிய ஒரு சட்டமாக மாறும் இடம் இதுவேயாகும்.

அச்சட்டத்தின் பொருளாதார அடித்தளம் தெளிவானது. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை, கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாகக் குறிக்கின்றது. 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது, நிலம் கைமாறவில்லை. அடிமையாயிருந்தவர் அதே நிலச்சொந்தக்காரரின் காணியிற் குடியிருந்து, அதே தோட்டத்திற் கூலியாயினர். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் கிணற்று நீரால் விளைவன. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன்னர், விடியுமுன்னே எழுந்து துலா மிதித்தும், பட்டை பிடித்தும், வாய்க்காலிற் தண்ணீர் மாறியும் உழைத்தோருட் பஞ்சமர் பலர். தோட்டக் கிணற்றிலிருந்து நாள் முழுவதும் நீரிறைத்த அதே மனிதர், தாகத்துக்கு வீட்டுக் கிணற்றின் கயிற்றைத் தொட்டால் கிணறு தீட்டுப்பட்டுவிடும். வீட்டுக்காரர் அள்ளி வார்க்கக் குனிந்து கையேந்திக் குடித்தல் வேண்டும். இரு கிணறுகளுக்கும் ஊற்று ஒன்றே என்பது துலா மிதித்தவர்க்கும் தெரியும், வார்த்தவர்க்கும் தெரியும்.

எனவே அருவருப்பு எல்லாவிடத்தும் ஒரே விதமாகத் தொழிற்படவில்லை. உழைப்புத் தேவைப்பட்ட இடத்தில் அது கண்மூடிக் கொண்டது. பஞ்சமர் கைபட்டு வளர்ந்து, வெட்டப்பட்டு, உணக்கப்பட்ட புகையிலை உயர்சாதியாரின் வாயிற் சுருட்டாகப் புகைந்தபோது யாரும் முகஞ்சுழித்ததில்லை. நளவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடித்தோர் பலர், அவர் தொட்ட செம்பில் தண்ணீர் குடிக்க மறுத்தோரே. பிளா குடித்ததும் எறியப்படுவது என்று நியாயங் கூறலாம், கள்ளு எறியப்படுவதில்லையே! பல ஊர்களிற் குழந்தையை முதலில் ஏந்திய மருத்துவிச்சியின் கைகள் தீண்டத்தகாதவை எனப்பட்ட கைகளே. இவற்றினும் நுணுகி நோக்கத்தக்கது வண்ணாரின் நிலை. பிரசவத்துத் துணியும் சாமத்தியத் துணியும் அவரிடமே கொடுக்கப்பட்டன. அவர் கொணரும் மாற்றுச் சீலையே துடக்கை நீக்குவது. சடங்கு வீட்டில் வெள்ளை கட்டுபவரும் அவரே. சுத்தத்தை ஆக்கித் தருபவர் அசுத்தமானவர் என வரையறுக்கப்பட்டார். உழைப்பின் பயன் உழைப்பவனுக்கு அந்நியமாகி அவனுக்கெதிராகவே நிற்பது பற்றி இளமைக்கால மார்க்ஸ் எழுதியவற்றுக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் எமது சமூக வரலாற்றில் வேறு உண்டோ என்பது ஐயமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இவ்வழக்கங்களுக்கு எழுத்துவடிவம் அளித்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்தம் ஆரம்பகால விடுதிகளிற் சேர்ந்த சைவ மாணவர் மிஷன் வளவினுட் சமைத்ததை உண்ண மறுத்ததுண்டு. கல்வி வேண்டப்பட்டது, சோறு விலக்கப்பட்டது. 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடல்நலம் பேணும் துறைக்கு ‘உற்பாலனம்’ என்னுஞ் சொல்லை வழங்கச் செய்தார். மறுபுறம் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் மலசலங் கழித்தல், பல் விளக்கல், நீராடல், உண்ணல் ஆகியவற்றுக்கு நுட்பமான விதிகளை வகுத்தார். அவற்றுட் பல இன்றும் உடல்நலத்துக்கு ஏற்றவையே. ஆனால் அதே வரிசையில், அதே குரலில், உணவுப் பந்திக்கு உரியவர் சமசாதியாராதல் வேண்டும் என்ற விதியும் வருகின்றது. பல் விளக்குதலும் சாதியும் ஒரே ஒழுக்கத்தின் உறுப்புகளாகப் பிள்ளைகளின் மனத்திற் பதிக்கப்பட்டன. நாவலரின் உரைநடையையும் பதிப்புப் பணியையும் போற்றும் நாம் இதனைச் சொல்லாது விடுவது ஆய்வு நேர்மையாகாது.

காலப்போக்கில், சாதியைச் சொல்லத் தயங்கியோருக்குச் சுகாதாரம் ஒரு கண்ணியமான சொல்லாய் வாய்த்தது. ‘சாதி பார்க்கவில்லை, அவர்கள் துப்புரவாயில்லை’ என்னும் வாதம் நாம் எல்லோரும் கேட்டதே. சொந்தக் கிணறு தோண்டக் காணியில்லை. அயற்கிணற்றில் அள்ளச் சுதந்திரமில்லை. மேற்சட்டை அணிவதும் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. இவ்வாறு தண்ணீரையும் துணியையும் மறுத்தபின், தண்ணீரும் துணியும் இல்லாமையைக் குணக்குறைபாடாகக் காட்டும் தர்க்கம் இது. மலையகத்திலும் இதே தர்க்கம் வேறு முதலாளிகளின் வாயிலாக வெளிப்பட்டது. றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவில் 1916 இல் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, முதன்மையாகத் தேவைப்பட்டவை மலசலகூடங்கள். லயன் அறைகளைக் கட்டிய கம்பனிகள் அவற்றைக் கட்டவில்லை. கட்டும் செலவுக்குத் தயங்கிய துரைமார், கூலிகளின் ‘பழக்கத்தையே’ நோய்க்குக் காரணமாகக் காட்டினர். தொழிலாளரின் குடியிருப்பிற் பிறக்கும் கொள்ளைநோய் தம் வீதிகளை எட்டும்போதுதான் முதலாளி வர்க்கம் சுகாதாரத்தில் அக்கறை கொள்கின்றது என ஏங்கெல்ஸ் 1872 இல் வீட்டுவசதிப் பிரச்சினை பற்றி எழுதுகையிற் காட்டியிருப்பதை இவ்விடத்து நினைவுகூரலாம்.

அருவருப்பு வெறுப்பாகவும் வன்முறையாகவும் வெடித்தமை சமத்துவம் கோரப்பட்ட வேளைகளிலேயே என்பது வரலாறு தரும் சான்று. 1929–30 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சமஆசனம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது; பாடசாலைகள் எரிக்கப்பட்டன. தரையிலிருந்தபோது அதே பிள்ளையின் உடல் யாருக்கும் இடையூறாயிருக்கவில்லை. வாங்கில் ஏறியதுமே இடையூறாயிற்று. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைகளிற் பஞ்சமருக்குச் சிரட்டையும் தகரப் பேணியும் போத்தலும் வெளியே தனியாக இருந்தன. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தோடு புதிய கட்டம் பிறந்தது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களின் கோரிக்கை, ஆறு சதமோ பத்துச் சதமோ கொடுத்து வாங்கும் தேநீரை மற்றவர் குடிக்கும் அதே கிளாசிற் குடிப்பது, அவ்வளவே. அதற்காக உயிர்கள் பலியாயின. 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நின்று தடுத்தோருள், பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்த சி. சுந்தரலிங்கமும் ஒருவர். அறியாமையே அருவருப்புக்குக் காரணம் என்போர் இதற்கு என்ன சொல்வர்?

நகரத்து வாளிக் கக்கூஸ் இவ்வரலாற்றின் மற்றோர் அத்தியாயம். பிரித்தானியர் கால நகர நிருவாகம் மலம் அகற்றுவதற்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்தது. கக்கூசின் பின்சுவரில் ஒரு சிறு கதவு. அதற்கு வெளியே ஒழுங்கை. வீட்டுக்காரர் காணாத வேளையில், காணாத வழியால் அவர்தம் கழிவு அகன்றது. தன் மலத்தைத் தானே காணாதிருக்கும் வசதியைப் பெற்ற மத்தியதர வர்க்கம், அதனைச் சுமந்தவனைக் கண்டு மூக்கைப் பொத்தியது. பின்னர் வாளி போய் நீரடைப்புக் கக்கூசும் குழியும் வந்தன. இங்கே நிலத்தின் இயல்பை அறிதல் அவசியம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் துளையும் மலிந்த அக்கல்லினூடே மழைநீர் இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. குழியிற் சேர்வதும் அவ்வழியே இறங்கும். 1980களில் வெளியான ஆய்வுகள், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருப்பதைக் காட்டின. தோட்டங்களில் இடப்பட்ட பசளையும் மலக்குழிகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. கயிற்றையும் வாளியையும் தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்த வீட்டின் கிணற்றுக்கு, உண்மையான அசுத்தம் அவ்வீட்டுக் குழியிலிருந்தே வந்து சேர்ந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே அதனை யாரும் அருவருப்பதில்லை.

போர்க்காலம் இவ்வெல்லைகளைக் குலைத்தது என்பர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன வேளையில் ஒரே கிணற்றடியிற் பலரும் குளித்தது மெய்யே. ஆயின் நலன்புரி முகாம்களில் வாழ்ந்த ஒடுக்கப்பட்டோர் அயற்கிணறுகளில் அள்ளுவது தடுக்கப்பட்ட செய்திகளும் பதிவாகியுள்ளன. இடம்பெயர்ந்தவரெல்லாம் காணியை இழந்துவிடவில்லை. திரும்பிச் செல்ல வேலியும் உறுதியும் உள்ளோர் இருந்தனர், இல்லாதோரும் இருந்தனர்.

இன்று சிரட்டை இல்லை. ஆனால் பஞ்சமர் வீட்டுக் கலியாணத்துக்கோ இழவுக்கோ போகும் உயர்சாதியார், தேநீரை நாசூக்காகத் தவிர்த்து, மூடி திறவாத சோடாப் போத்தலை மட்டும் ஏற்கும் வழக்கம் ஊர்களில் அறியப்பட்டதே. அச்சோடாவை நிரப்பியவர், போத்தலைக் கழுவியவர், மூடியடித்தவர் எச்சாதியார் என்று எவரும் வினவுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து சந்தைக்கு வரும் பண்டத்தில் உழைத்த கை மறைந்துவிடுகின்றது; மறைந்த கையிற் துடக்கில்லை. அடுப்படியிலிருந்து தேநீரை ஏந்திவரும் கை கண்முன்னே தெரிகின்றது. வீட்டுக்காரரும் இதனை அறிந்தே முற்கூட்டிக் கடையில் இரண்டு சோடா வாங்கி வைத்திருக்கிறார்.