காக்பேனிக்கு அப்பால்

இந்தியர்கள் நேபாளம் செல்ல விசா வேண்டாம். ஆனால் காலி கண்டகி ஆற்றோரம் காக்பேனியைத் தாண்டி வடக்கே போக எனக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பதிவுபெற்ற மலையேற்ற நிறுவனம் வழியாகத்தான் அதை வாங்க முடியும். நான் போனபோது முதல் பத்து நாளுக்கு 500 டாலர்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. காக்பேனிக்கு வடக்கே உள்ள மேல் முஸ்தாங் பழைய லோ அரசின் மண். திபெத்து உப்பும் தெற்கத்தித் தானியமும் கைமாறிய பாதை. சீனப் படையை எதிர்த்த திபெத்தின் கம்பா போராளிகள், 1960 முதல் அமெரிக்க உளவுத்துறை உதவியோடு முஸ்தாங்கில் தளம் அமைத்திருந்தார்கள். 1974-இல் நேபாள ராணுவம் அவர்களுடைய ஆயுதங்களைக் களைந்தது. ஆனாலும் 1992-இல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழி திறந்தது. அதற்குமுன் 1952-இல் ஜுசெப்பே துச்சி, 1964-இல் மிஷேல் பெய்ஸல் என வெகுசில வெளிநாட்டவரே லோவின் தலைநகரான லோ மந்தாங்கைப் பார்த்தார்கள்.

அந்த மதில் நகரத்தின் பதினைந்தாம் நூற்றாண்டு மடாலய ஓவியங்களைப் பார்த்தபின், கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதில் நியாயமான பங்கு அவற்றைக் காத்துவரும் லோ மக்களுக்குச் சேர வேண்டும். அவர்களுடைய நெடுநாள் கோரிக்கையும் அதுதான்.