காளத்தியின் எழுத்துச் சீலை

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கட மலையை வட எல்லையாக வகுத்தனர் நம் முன்னோர். எல்லை என்றதும், ஒரு மொழி முடிந்து மற்றொரு மொழி தொடங்கும் இடம் என்றே பலரும் கருதுகிறோம். இரண்டு மொழிகள் கூடி வாழும் இடமும் அதுவே என்பது திருப்பதியிலும் சித்தூரிலும் ஒரு நாள் தங்கினால் விளங்கும். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். 1960இல் திருத்தணி சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினும், கோடுகளைக் கடந்து நிற்கும் கலையொன்று அந்நிலத்தில் உண்டு. அதுவே காளத்தியின் கலம்காரி.

கண்ணப்ப நாயனார் வரலாற்றால் தமிழர் அனைவரும் அறிந்த திருக்காளத்தி, திருப்பதிக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. 'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீக வழிச் சொல். தெலுங்கில் இதற்கு வழங்கிய பழம்பெயர் 'வ்ராத பனி', அதாவது எழுத்து வேலை. நம் மொழியிலும் ஓவியத்தை 'எழுதினான்' என்று சொல்வதே பழைய வழக்கு. மசூலிப்பட்டினப் பகுதியில் மர அச்சுகளால் துணியில் சித்திரம் பதிப்பார்கள். காளத்தியிலோ மூங்கில் கோலின் நுனியில் மயிரையோ கம்பளியையோ நூலால் சுற்றி, அதைச் சாயத்தில் தோய்த்துக் கையாலேயே எழுதுகிறார்கள்.

இவ்வேலைக்குப் பொறுமை மிக வேண்டும். முதலில் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைவார்கள். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்க வைத்துக் கரிய மையைப் பெறுவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அந்த மை பட்டதும் கருமை ஊன்றி நிற்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதிப் பிறகு வேர்ச்சாயத்தில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் அவுரியிலிருந்து வருவது. ஒவ்வொரு படியிலும் ஓடும் நீரில் துணியை அலச வேண்டும். ஆற்றங்கரையில் இத்தொழில் வளர்ந்த காரணம் இதுதான்.

இச்சீலைகள் வீட்டு அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. கோயிலில் தொங்கவிடுவதற்கும் கதை சொல்வதற்கும் உரியவை. நடுவில் பெரிய உருவம், சுற்றிலும் வரிசை வரிசையாக இராமாயண பாரதக் காட்சிகள், அவற்றின் ஓரத்தில் தெலுங்கு எழுத்தில் விளக்க வரிகள் என்று அமைந்திருக்கும். காண்பதற்கும் படிப்பதற்கும் ஒருங்கே உரிய நூல் என்றே அதனைக் கூறலாம். தமிழ்நாட்டில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் எழுதப்பெறும் தொம்பைகளும் விதானங்களும் இக்கலையின் உறவினவே. தஞ்சை நாயக்கர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் அக்கலைஞரின் முன்னோர் என்பது மரபுச் செய்தி. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிற்க. கோயில்களும் ஜமீன்களும் தந்த ஆதரவு குன்றியது. ஆலைத் துணி மலிந்தது. 1950களில் காளத்தியில் இக்கலையை முழுதும் அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். 1952இல் அமைந்த அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்துக்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்தியாயர் இந்நிலையை உணர்ந்தார். அவர் முயற்சியால் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் காளத்தியில் ஒரு பயிற்சிக்கூடம் எழுந்தது. அங்கே ஜொன்னலகட்ட லட்சுமையா இளைஞர்களுக்குக் கற்பித்தார். அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கோயிற் சுவரை இழந்த சீலைக்கு இனிக் கண்காட்சிச் சுவரே புகலிடமாயிற்று.

இதே காலத்தில் நவீன ஓவியரும் துணியை நாடி வந்தனர். 1956 முதல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர் பலர் பணியாற்றினர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, சாந்திநிகேதனத்தில் பயின்று, பரோடாவில் ஆசிரியராய் விளங்கிய கே. ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாய் மையத்தில் இருந்தார். சென்னையில் அரசினர் கலைத்தொழிற் பள்ளி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்களும் நண்பர்களும் ஓவியத்தை விட்டுப் பிழைப்பைத் தேடி ஓடாதிருக்க ஒரு வழி கண்டார். ஜாவாவில் சிறந்த பாத்திக் முறையில், மெழுகால் மறைத்துத் துணிக்குச் சாயமேற்றும் கைவேலையில் அவர்களை ஈடுபடுத்தினார். அத்துணிகளைக் கண்காட்சி வைத்து விற்ற பணம், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைக்கிராமம் எழத் துணைபுரிந்தது. தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடியர் முதலியோர் அங்கே தம் பொதுக் கலைக்கூடத்தில் படைப்புகளை அருகருகே வைத்தனர். அவுரி நீலம் தோய்க்கையில் வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவது சோழமண்டலக் கரையின் பழைய சாயத்துணிகளிலும் வழங்கிய முறையே என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, இரண்டு பயணங்களைக் காண்கிறோம். காளத்திக் கைவினைஞர் துணியிலிருந்து கலைக்கூடத்துக்கு வந்தார். சென்னை ஓவியர் கலைக்கூடத்தைக் காக்கத் துணிக்கு வந்தார். 1963இல் பணிக்கர் தொடங்கிய 'சொற்களும் சின்னங்களும்' என்னும் ஓவிய வரிசையிலும் எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவை படித்துப் பொருள் கொள்வதற்காக எழுதியவை அல்ல. காளத்திச் சீலையின் எழுத்தோ படிப்பதற்கென்றே எழுதியது. இரண்டையும் ஒரே சுவரில் மாட்டி இரண்டையும் வெறும் அழகாகக் காணும்போது, ஒன்றுக்கு நியாயமும் மற்றொன்றுக்கு அநியாயமும் செய்தவராகிறோம். நவீன ஓவியத்தின் கீழே ஓவியர் பெயரை எழுதும் நாம், சீலையின் கீழே பல வேளைகளில் ஊர்ப்பெயரோடு நின்றுவிடுகிறோம். கைகள் மாறினும் கலை ஒன்றே என்று பேசுவது எளிது. அந்தக் கைக்கு உரியவரின் பெயரைக் கேட்பதே பரிமாற்றத்தின் முதற்படி.

இன்று சுவர்ணமுகியில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இல்லை. இயந்திரத்தில் அச்சிட்ட துணிகளும் கலம்காரி என்ற பெயரில் விற்பனையாகின்றன. ஆகவே, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். கண்காட்சியில் காளத்திச் சீலையைக் காணும்போது, எழுதியவர் யார் என்று கேளுங்கள். ஓரத்து வரிகள் உங்களுக்குப் புரியாவிடின், பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பரை அழைத்துச் சென்று படிக்கச் சொல்லுங்கள். அவர் படிக்கும் கதை கண்ணப்பர் கதையாக இருப்பின், எஞ்சிய பகுதியை நீங்கள் அவருக்குச் சொல்லலாம்.