நந்தனுக்கு ஆண்டையைத் தந்த பாரதியார்

பாரதியார் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் எட்டயபுரத்தார்தான். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்பே, நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்திலே இன்னொரு பாரதியார் பிறந்துவிட்டார். நேயர்களே, அந்தக் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களிலேயே அவருடைய வாழ்வு கழிந்தது. மணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்திலே கோவிந்த யதியிடம் வேதாந்தமும், திருவிடைமருதூரிலே ராமதாஸ் என்பவரிடம் ஹிந்துஸ்தானி இசையும் பயின்றார். திருவையாறு சென்று தியாகராஜரைக் கண்டதாகவும், அங்கே சீடர்கள் பாடிய ஆபோகி ராகக் கீர்த்தனையைக் கேட்டு, அன்றைக்கே அதே ராகத்திலே தில்லைச் சபாபதியைப் பாடிக் காட்டியதாகவும் சொல்லுவர். அந்த ஆபோகிக் கீர்த்தனை இன்றும் கச்சேரிகளிலே பாடப்படுகிறது.

இவற்றோடு நின்றிருந்தால் அவர் நல்ல கீர்த்தனைக்காரர் பலருள் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'தான் அவரைத் தனித்து நிறுத்தியது.

உயர்தர வகுப்பிலே பெரியபுராணம் படிப்பிக்கும்போது, திருநாளைப் போவார் புராணத்துக்கு வந்ததும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "சேர், அந்த வேதியர் எங்கே?" சேக்கிழாரின் 37 பாடல்களையும் தேடிப் பாருங்கள், நந்தனாரை அடக்கியாளும் வேதியர் யாருமில்லை. அங்கே நந்தனார் ஆதனூரில் தமக்குரிய தொண்டைச் செய்து வாழ்பவர். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். தில்லைக்குப் போக ஆசை எழும். தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்குவார். 'நாளைப் போவேன்' என்பார். தடை அவருடைய உள்ளத்திலேயே இருக்கிறது.

பாரதியார் அந்தத் தடையை வெளியிலே கொண்டுவந்து, அதற்கு ஒரு முகமும் கொடுத்தார். அந்த முகம் நிலமுடைய வேதியருடையது. அடிமையாகிய நந்தன் உத்தரவு கேட்கிறான்; வேதியர் அதட்டுகிறார்; பின்னர் 40 வேலி நிலத்தையும் பயிராக்கிவிட்டுப் போ என்கிறார். ஓரிரவிலே சிவகணங்கள் அதனைச் செய்து முடிக்க, வேதியரே நந்தனின் பெருமையை உணர்ந்து பணிகிறார். 'நாளை' என்ற சொல் இருவரிடத்தும் ஒன்றே. ஆனால் அதைச் சொல்ல வைத்தவர் யார் என்ற கேள்விக்குச் சேக்கிழார் ஒரு விடையும் பாரதியார் வேறொரு விடையும் தருகிறார்கள். காவிரிக் கரையிலே பண்ணையாட்களின் நிலையைக் கண்ணாரக் கண்டவர், தாமும் அந்தணர் குலத்தவர், அதை எழுதினார் என்பதை நான் சிறிதாக மதிக்கமாட்டேன்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. சிறப்புப் பாயிரம் கேட்டு வந்த பாரதியாரைப் பலமுறை அலைக்கழித்தார். பெரியபுராணத்துக்கு மாறான கதை, இலக்கணப் பிழைகள் என்பன அவர் கண்ட குறைகள். பிழைகள் உண்மையே, தமிழாசிரியனாகிய என் சிவப்புப் பேனாவுக்கும் அங்கே வேலை உண்டு. ஆயினும் ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டுக்குள்ளே இருக்க, திண்ணையிற் காத்திருந்த பாரதியார் நந்தனின் பாட்டொன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினாராம். கோயிலுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா என்று நந்தன் இறைவனைக் கேட்கும் பாட்டு அது. கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகி எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டவனின் பாட்டை, அவ்வாறே வைக்கப்பட்ட ஒருவர் பாடியபோது, இலக்கணம் சற்றே வழிவிட்டது.

இதனை நமக்குச் சொல்பவர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்க மாயூரம் வந்த நாட்களிலே பாரதியாரிடம் சிறிது காலம் இசையும் கற்றவர் அவர். ஆசிரியருக்கு அது உவப்பில்லை என்று அறிந்து நிறுத்திவிட்டார். பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி அந்தக் கடனைத் தீர்த்தவரும் அவரே.

1860களின் தொடக்கத்திலே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலின் அதிகாரி சிசே என்பவரின் முயற்சியால் நூல் அச்சேறியது. கீர்த்தனையோடு சிந்தும் கண்ணியும் விருத்தமும் கலந்திருந்தமையால் பாகவதரும் பாடினர், பாமரரும் பாடினர். 1935 இலே கே. பி. சுந்தராம்பாளும் 1942 இலே தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராயினர். யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையும் 'பக்த நந்தனா'ரைத் தனதாக்கிக்கொண்டது. அதே யாழ்ப்பாணத்திலேதான் 1968 இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே செல்லக் கேட்டவர்கள் மறிக்கப்பட்டார்கள்.

ஒன்றை மட்டும் பாரதியார் மாற்றவில்லை. அவருடைய நந்தனும் தில்லையிலே தீயில் இறங்கித்தான் உள்ளே போகிறான். வேதியரைப் பணியவைத்தவருக்குத் தீயை அணைக்க முடியாமற் போனது ஏன் என்பதும் என் வகுப்பிலே எழுகின்ற கேள்வி. சேக்கிழாரைக் கடந்து அவ்வளவு தூரம் வந்தவருக்கு அதற்கு மேல் நடக்கத் துணிவில்லை என்பதே என் எண்ணம். மாணவர்களிற் பலர் அதனை ஏற்பதில்லை; தீயையும் அப்படியே காட்டினாற்றான் கேட்பவர் மனம் கொதிக்கும் என்று வாதிடுகிறார்கள்.