பாரிஸில் ஓடிய வண்டி அரியலூரில்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பெரம்பலூரில் குமாஸ்தாவாகக் கோப்பு எழுதிய காலம் முழுவதும் அந்தப் பிரெஞ்சுக்கு ஒரு நாளும் வேலை இருந்ததில்லை. எழுபது வயதுக்குப் பிறகு தம்பிக்காக உதவியது.

தம்பி அரியலூரில் இருக்கிறான். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். நாற்பது வருடமாகக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிதான் அவனுக்குக் கால். போன வருடம் மருத்துவர், தோள்பட்டை தேய்ந்துவிட்டது, இனிச் சுற்றக் கூடாது என்றார்.

"அண்ணே, டீக்கடைக்குக்கூட இனிமே யாராவது தள்ளிக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அப்போதுதான் குஸ்தாவ் ட்ரூவேயைப் பற்றிப் பிரெஞ்சில் படித்தேன். ட்ரூவே என்றால் 'கண்டெடுத்தது' என்று பொருள்! பெயருக்கேற்ற மனிதர். 1881 ஏப்ரலில், இங்கிலாந்தில் செய்த பெடல் மூன்று சக்கர வண்டியில் மோட்டாரும் மின்கலமும் பொருத்திப் பாரிஸ் தெருவில் ஓட்டினார். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈய மின்கலத்தை 1859-லேயே கஸ்தோன் ப்ளாந்தே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்திருந்தார். ட்ரூவே புது வண்டி செய்யவில்லை. இருந்த வண்டியை மாற்றினார். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1655 வாக்கில், ஜெர்மனியில் நடக்க முடியாத ஸ்டெபான் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியைத் தனக்குத் தானே செய்துகொண்டார். சென்னை ஐஐடியில் உருவாகி 2021-ல் வந்த நியோபோல்ட்டும் இந்த வழிதான்: சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டாரைப் பூட்டிக்கொள்வது.

"இந்த வண்டியையே மாத்திடலாம்டா" என்றேன்.

தம்பி வீட்டு வாசலில், பழக்கமான சைக்கிள் மெக்கானிக்குடன் வேலை தொடங்கியது. 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட். ஒரு பின்சக்கரத்தில் பல்சக்கரம் வைத்து, 250 வாட் மோட்டாரைச் சங்கிலியால் பூட்டினார். கனமான பேட்டரிகள் இருக்கைக்கு அடியில் தாழ்வாக. மேலே வைத்தால் திருப்பத்தில் வண்டி கவிழும். கைச்சுழற்றியைக் கழற்றவில்லை. நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் வீடு வந்து சேர வேண்டுமே.

முதல் ஓட்டத்தில் பயந்துவிட்டோம். பிரேக் பிடித்தும் மோட்டார் இழுத்துக்கொண்டே போய் வேலியில் முட்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊரில் இது விளையாட்டல்ல. பிரேக் பிடியைத் தொட்டதும் மின்சாரம் துண்டாகும்படி சுவிட்ச் வைத்த பிறகே தெருவில் விட்டோம்.

நான் பெரம்பலூர் திரும்பிய மறுவாரம் தம்பி போன் செய்தான். பின்னால் ரயில் சத்தம்.

"அண்ணே, ஸ்டேஷன் வாசல்ல டீ குடிக்கிறேன்."

"யார்டா கூட வந்தது?"

"யாரும் இல்லண்ணே."