எகிப்தின் அல் வஸத் கட்சி: 15 ஆண்டுக் காத்திருப்பும் ஒரேயொரு தேர்தலும்

எகிப்தின் அரசியலை இராணுவத்துக்கும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்கும் இடையிலான போராட்டமாக மட்டுமே நோக்கும் வழக்கம் நம் மத்தியில் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைத் தேடிய கட்சியொன்றின் வரலாறு அதனால் கவனிக்கப்படாமலே போய்விட்டது. அதுவே அல் வஸத் கட்சியாகும். 'வஸத்' என்ற அரபுச் சொல்லுக்கு நடு என்பது பொருள். நடுநிலையைச் சுட்டும் இச்சொல்லை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர்.

1970களில் எகிப்தியப் பல்கலைக்கழகங்களில் உருவான இஸ்லாமிய மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவர் பொறியியலாளர் அபுல் இலா மாதி. சகோதரத்துவ இயக்கத்தின் மூத்த தலைமையுடன் கருத்து முரண்பட்ட அவரும் தோழர்களும் 1996ஆம் ஆண்டு ஜனவரியில் அல் வஸத் கட்சியைப் பதிவு செய்ய விண்ணப்பித்தனர். இஸ்லாமிய நாகரிகம் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான மரபு என்பதும், மதம் எதுவாயினும் குடியுரிமை சமமானது என்பதும் அவர்களது நிலைப்பாடுகளாயின. புரட்டஸ்தாந்து கிறிஸ்தவரான ரபீக் ஹபீப் என்ற அறிஞரும் ஸ்தாபகர்களுள் ஒருவராக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆனால், இம்முயற்சியை இரு தரப்பினருமே எதிர்த்தனர். சகோதரத்துவ இயக்கம் தனது உறுப்பினர்களை விலகிக்கொள்ளுமாறு பணித்தது. அரசாங்கமோ அதே இயக்கத்தின் மாற்றுமுகமே இது எனச் சந்தேகித்தது. அபுல் இலா மாதி அவ்வாண்டிலேயே கைதுசெய்யப்பட்டுச் சில மாதங்களின் பின்னரே விடுதலையானார்.

எகிப்தில் 1977ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புதிய கட்சியொன்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் கட்சிகள் விவகாரக் குழுவிடம் இருந்தது. ஆளும் கட்சியினரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்த இக்குழு 1996, 1998, 2004, 2009 ஆகிய ஆண்டுகளில் நான்கு தடவைகள் அல் வஸத்தை நிராகரித்தது. எனினும் ஸ்தாபகர்கள் வன்முறையை நாடவில்லை. தலைமறைவு இயக்கமாகவும் மாறவில்லை. நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியதோடு, கலாசாரத்துக்கும் கலந்துரையாடலுக்குமான சங்கமொன்றை அமைத்துத் தமது பணியைத் தொடர்ந்தனர்.

2011 பெப்ரவரி 11ஆம் திகதி ஜனாதிபதி ஹொஸ்னி முபாரக் பதவி துறந்தார். எட்டு நாட்களின் பின்னர், பெப்ரவரி 19ஆம் திகதி, நீதிமன்றத் தீர்ப்பொன்றின் மூலம் அல் வஸத் சட்டபூர்வமான கட்சியாகியது. புரட்சியின் பின்னர் முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சி இதுவேயாகும்.

அதன் பின் நடைபெற்ற 2011-2012 பாராளுமன்றத் தேர்தலே இக்கட்சியின் பலத்தை அளந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் வாக்குகளை, அதாவது பட்டியல் வாக்குகளில் சுமார் 3.7 வீதத்தைப் பெற்று, தேர்ந்தெடுக்கப்பட்ட 498 ஆசனங்களில் 10 ஆசனங்களை அது வென்றது. சகோதரத்துவ இயக்கத்தின் சுதந்திர, நீதிக் கட்சி தலைமையிலான கூட்டணி சுமார் 37.5 வீதத்தையும், சலபிகளின் அந்நூர் கட்சி தலைமையிலான அணி சுமார் 28 வீதத்தையும் பெற்றிருந்தன. பள்ளிவாசல்களிலும் கிராமங்களிலும் பல தசாப்தங்களாக வேரூன்றிய அமைப்புகளுக்கு முன்னால், அனுமதிக்காகவே 15 ஆண்டுகளைச் செலவிட்ட கட்சியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தப் பாராளுமன்றமும் 2012 ஜூனில் கலைக்கப்பட்டது. அதன் ஆயுள் ஐந்து மாதங்களுக்கும் குறைவு.

2012 ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில் சகோதரத்துவ இயக்கத்திலிருந்து விலகிய அப்துல் முன்இம் அபுல் புதூஹை அல் வஸத் ஆதரித்தது. அவர் நான்காம் இடத்தையே பெற்றார். முஹம்மத் முர்ஸி வெற்றி பெற்ற பின்னர், கட்சியின் முஹம்மத் மஹ்சூப் அமைச்சராகி, அவ்வாண்டு டிசம்பரிலேயே பதவி விலகினார். அரசியலமைப்பை வரைந்த சபையிலிருந்து மதச்சார்பற்ற கட்சிகளும் தேவாலயப் பிரதிநிதிகளும் வெளியேறியபோது, அல் வஸத் உள்ளேயே இருந்தது. சம குடியுரிமையை உயர்த்திப் பிடித்த கட்சி, சிறுபான்மையினர் இல்லாத மேசையில் அமர்ந்திருந்தமை அதன் நடுநிலைக்கு ஏற்பட்ட பெருஞ்சோதனை எனவே நாம் கருதுகின்றோம்.

2013 ஜூலை 3ஆம் திகதி இராணுவம் முர்ஸியைப் பதவி நீக்கியது. அதே மாத இறுதியில் அபுல் இலா மாதியும் உபதலைவர் இஸாம் சுல்தானும் கைதாகினர். ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்த கூட்டணியில் இணைந்திருந்த கட்சி, 2014 ஓகஸ்டில் அதிலிருந்து விலகியது. மாதி 2015 ஓகஸ்டில் விடுவிக்கப்பட்டார். சுல்தானின் சிறைவாசம் நீடித்தது. 2015 பாராளுமன்றத் தேர்தலில் கட்சி போட்டியிடவில்லை.

நான்கு நிராகரிப்புகள், ஒரு பொதுத்தேர்தல், 10 ஆசனங்கள் என்ற இக்கணக்கை வைத்து நடுவழி தோற்றுவிட்டது என முடிவு கட்டுவது எளிது. ஆயினும், அவ்வழி தன்னை மக்கள் மத்தியில் பரீட்சித்துப் பார்க்க எத்தனை தடவைகள் அனுமதிக்கப்பட்டது என்பதையும் நாம் கேட்க வேண்டும். மிதவாதிகளுக்குக் கதவை அடைக்கும் அரசு, துருவங்களையே வளர்க்கின்றது. அதேவேளை, நெருக்கடி வேளையில் விலகி நிற்போரையும் தம்மோடு அழைத்துச் செல்லத் தவறும் மிதவாதிகள், தமக்குக் கிடைத்த சிறு இடத்தையும் இழந்துவிடுகின்றனர். அல் வஸத்தின் வரலாறு இவ்விரண்டுக்கும் சாட்சியாகும்.