காற்றழுத்தியில் மின்சுற்று முறிப்பான் துண்டிப்பு

காற்றழுத்தி (கம்பிரசர்) இயங்கத் தொடங்கும்போதோ இயங்கிக்கொண்டிருக்கும்போதோ மின்சுற்று முறிப்பான் மீண்டும் மீண்டும் மின்சாரத்தைத் துண்டிப்பது, எடுத்துச் செல்லத்தக்க காற்றழுத்திகளில் பரவலாகக் காணப்படும் பழுதாகும். பெரும்பாலும் பழுது முறிப்பானில் இருப்பதில்லை; மின்னோடி மிகை மின்னோட்டத்தை இழுப்பதையே துண்டிப்பு காட்டுகிறது. துண்டிப்பு நிகழும் நேரத்தைக் கொண்டு காரணத்தைப் பெரிதும் ஊகிக்கலாம்.

முறிப்பான் செயற்படும் விதம்

வீடுகளில் பயன்படும் சிறு முறிப்பானில் (எம்.சி.பி.) இரண்டு பொறியமைவுகள் உள்ளன. மிகை மின்னோட்டம் நீடித்தால் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து சுற்றைத் திறக்கிறது. மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் மின்காந்தம் உடனே திறக்கிறது. ஐ.ஈ.சி. 60898 தரத்தின்படி, குறிக்கப்பட்ட அளவைப் போல் 3 முதல் 5 மடங்கில் பி வகையும், 5 முதல் 10 மடங்கில் சி வகையும், 10 முதல் 20 மடங்கில் டி வகையும் உடனே துண்டிக்கும்.

230 வோல்ட்டு ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் 1.5 குதிரைத்திறன் தூண்டல் மின்னோடி முழுச் சுமையில் ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் இது 5 முதல் 7 மடங்கு வரை உயரக்கூடும். எனவே 16 ஆம்பியர் பி வகை முறிப்பான் துண்டிக்கும் இடத்தில் அதே அளவுள்ள சி வகை தாங்கக்கூடும்.

காரணங்களைக் கண்டறிதல்

* வெற்றுத் தொட்டியுடன் தொடங்கி, அழுத்தம் ஏறிய பின் மீண்டும் தொடங்கும்போது மட்டும் துண்டித்தால்: உருளையில் காற்று தேங்கியுள்ளது. மின்னோடி நின்றவுடன் அழுத்தச் சுவிட்சின் விடுவிப்பு வால்வு "உஸ்" என்ற ஒலியுடன் அக்காற்றை வெளியேற்ற வேண்டும். ஒலி எழாவிட்டால் அவ்வால்வு பழுது. ஒலி நிற்காமல் தொடர்ந்தால் தொட்டியின் ஒருவழி வால்வு கசிகிறது.
* மின்னோடி சுழலாமல் முனகித் துண்டித்தால்: தொடக்க மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம்.
* சுழன்று சில நொடிகளில் துண்டித்தால்: தொடக்கச் சுருளை விலக்கும் மையவிலக்குச் சுவிட்சு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
* பல நிமிடங்களுக்குப் பின் துண்டித்தால்: அதே சுற்றில் வேறு கருவிகளும் இயங்கலாம்; முறிப்பானின் திருகு தளர்ந்திருக்கலாம்.
* குளிர்ந்த காலையில் மட்டும் துண்டித்தால்: எண்ணெய் தடித்திருக்கலாம்.

எர்த் கசிவு முறிப்பான் துண்டிப்பது இவற்றினின்றும் வேறானது. அது ஈரம் அல்லது காப்புறைச் சேதத்தால் மின்சாரம் கசிவதைக் குறிக்கும்.

நீட்டிப்புக் கம்பி

1 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி கொண்ட 30 மீட்டர் நீட்டிப்பின் போக்குவரத்து மின்தடை ஏறத்தாழ 1 ஓம் ஆகும். 50 ஆம்பியர் தொடக்க மின்னோட்டத்தில் அதில் மட்டும் ஏறத்தாழ 50 வோல்ட்டு இழக்கப்படுகிறது. மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், அது வேகம் பிடிக்கத் தாமதித்து, உயர் மின்னோட்டத்தை நீண்ட நேரம் இழுக்கிறது. இதனால், மின்கம்பியை நீட்டுவதினும் காற்றுக்குழாயை நீட்டுவது நன்று.

பாதுகாப்பு

துண்டிப்பைத் தவிர்க்கக் கூடுதல் ஆம்பியர் அளவுள்ள முறிப்பானைப் பொருத்துவது ஆபத்தானது. முறிப்பானின் முதன்மைப் பணி சுவரிலுள்ள மின்கம்பியைக் காப்பதாகும். அளவை உயர்த்தினால் துண்டிப்பு நிகழுமுன் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். வகையை மட்டும் மாற்றுவதாயினும், தகுதி பெற்ற மின்பணியாளர் சுற்றைச் சோதித்த பின்னரே மாற்ற வேண்டும். பழுது பார்க்குமுன் மின்னிணைப்பை நீக்கி, தொட்டியின் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். மின்தேக்கி இணைப்பை நீக்கிய பின்னும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* தூண்டல் மின்னோடி
* மின்தேக்கி
* மின்சுற்று முறிப்பான்