துப்பாக்கி சுடுதலுக்கான மின்னணுச் செவிக்காப்பு

துப்பாக்கி சுடுதலுக்கான மின்னணுச் செவிக்காப்பு, வெடியோசையைத் தடுத்துக்கொண்டே பேச்சொலியைக் காதுக்குக் கொண்டுசேர்க்கும் பாதுகாப்புக் கருவியாகும். காதை முழுதாக மூடும் இரண்டு குவளைகள், அவற்றை இணைக்கும் தலைப்பட்டை, வெளிப்புற மைக், உள்ளே சிறிய ஒலிபெருக்கி, பேட்டரி ஆகியவை இதன் உறுப்புகள். காதுத் துளைக்குள் செருகும் சிறிய வகைகளும் உண்டு. காதைக் காப்பது குவளையும் அதன் விளிம்பு மெத்தையும்தான். காப்பை அணிந்தபடியே பிறர் பேச்சைக் கேட்க வழிசெய்து, அதைக் கழற்றவேண்டிய தேவையை நீக்குவதே மின்னணுப் பகுதியின் வேலை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் தேர்வில் தவறமாட்டார்.

மும்பைப் பின்னணி

மும்பையில் துப்பாக்கி சுடும் விளையாட்டின் மையம் வர்ளியிலுள்ள மகாராஷ்டிர ரைஃபிள் சங்கத்தின் சுடுதளம். தாதர் சிவாஜி பூங்காவை ஒட்டிய சாவர்க்கர் நினைவகத்திலும் ஏர் ரைஃபிள் பயிற்சி நடக்கிறது. கல்லூரிகளின் தேசிய மாணவர் படைப் பிரிவுகள் வழியாகவே பல மாணவர்கள் .22 ரைஃபிளை முதலில் கையில் எடுக்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றை எட்டிய அஞ்சலி பாக்வத் இந்தப் படைப் பயிற்சியிலிருந்து வந்த மும்பைக்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவின் இறுதிச் சுற்றில் ஆடிய சுமா சிரூர், பன்வேலில் லக்ஷ்யா என்ற பயிற்சி மன்றத்தை நிறுவியவர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து வர்ளிக்குப் பயிற்சிக்குச் செல்லும் ஒருவர் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செலவிடும் முன்பே செவிக்காப்புக்குப் பணம் ஒதுக்கவேண்டும். துப்பாக்கியை மாற்றிக்கொள்ளலாம், கெட்ட செவியை மாற்ற வழியில்லை.

ஒலியும் செவியும்

ஒலியின் அளவு டெசிபெல் என்ற அலகில் கூறப்படுகிறது. இது மடக்கை அளவை என்பதால் 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகிறது. .22 ரைஃபிளின் உச்ச ஒலி 140 டெசிபெல்லை ஒட்டி நிற்கும். .22 கைத்துப்பாக்கியில் குழல் குட்டை என்பதால் அது மேலும் உயரும். 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் 12 போர் ஷாட்கன்னும் 160 டெசிபெல்லை நெருங்கும். ஏர் ரைஃபிளிலும் ஏர் பிஸ்டலிலும் வெடிமருந்து இல்லாததால் ஒலி மிகக் குறைவு. அங்கே செவிக்காப்பு பெரும்பாலும் கவனம் சிதறாமலிருக்க அணியப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உச்ச ஒலி பெரியவர்களுக்கு 140 டெசிபெல்லையும் குழந்தைகளுக்கு 120 டெசிபெல்லையும் தாண்டக்கூடாது. இந்தியாவில் பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச ஒலி 145 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்ற விதி 1999 முதல் உள்ளது. ஆனால் கைத்துப்பாக்கி சுடுபவரின் காது, குழல்வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு கை நீளத் தொலைவில்தான் இருக்கிறது.

உள்செவியின் நத்தைச்சுருளில் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அழிந்த செல் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்கள். இதனால் ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகள் மங்கி, பேச்சு காதில் விழுந்தும் புரியாமல் போகும். காதில் ஓயாத இரைச்சலும் சேரலாம். வலக்கைப் பழக்கமுள்ளவர் ரைஃபிள் சுடும்போது இடக்காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருப்பதால், அந்தக் காதே கூடுதலாகக் கெடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

செயல்படும் முறை

சுடுதளத்தில் பல தடங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஒருவர் இடைவெளி விடும்போது பக்கத்துத் தடத்தில் இன்னொருவர் சுடுவார். சாதாரண காதுமூடி அணிந்தவர், பயிற்றுநர் சொல்வது கேட்கவில்லை என்று ஒரு பக்கத்தைத் தூக்குவார். அந்த நொடியில் வரும் ஒரே வெடியோசை போதும், செவியைக் கெடுக்க. மின்னணுக் காப்பு இந்த ஆபத்துக்காகவே உருவானது. வெளி மைக் பெறும் மெல்லிய ஒலிகளைச் சுற்று பெருக்கி உள்ளே தருகிறது. ஒலி ஏறத்தாழ 82 டெசிபெல் என்ற எல்லையைத் தாண்டியதும் பெருக்கல் நின்றுவிடுகிறது அல்லது ஒலி அமுக்கப்படுகிறது. மலிவான வகைகள் ஒலியைச் சட்டென அறுப்பதால் வெடிக்குப் பின் வரும் கட்டளையின் முதற்சொல் விழுங்கப்படும். ஒலியை அமுக்கும் வகைகளில் பேச்சு தொடர்ந்து கேட்கும். இரு குவளைகளிலும் தனித்தனி மைக் இருந்தால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

லோக்கல் ரயிலில் பலர் அணியும் இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் சுடுதளத்துக்கு ஏற்றதன்று. அது விசிறி, எஞ்சின் போன்றவற்றின் தொடர்ந்த தாழ்ந்த இரைச்சலுக்கென உருவானது. வெடியோசைக்கான செவிக்காப்பாகச் சோதிக்கப்பட்டதும் அன்று.

தர எண்களைப் படித்தல்

பெட்டியில் அச்சிடப்படும் என்.ஆர்.ஆர். என்பது அமெரிக்க மதிப்பீடு, எஸ்.என்.ஆர். என்பது ஐரோப்பிய மதிப்பீடு. ஒரே காப்புக்கு எஸ்.என்.ஆர். பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதால் இரண்டையும் கலந்து ஒப்பிடக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 9167 என்ற தரம் செவிக்காப்புகளுக்கானது. எந்தத் தர எண்ணும் இல்லாத பொருளை வாங்கக்கூடாது.

இந்த எண்கள் ஆய்வகத்தில் கச்சிதமாக அணிவித்து அளந்தவை. நடைமுறையில் காதுமூடிக்கு என்.ஆர்.ஆர். எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொள்ள அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் அறிவுறுத்துகிறது. மின்னணு வகைகளில் புகழ்பெற்ற ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டின் எண் 22. கால் பங்கு போனால் 16.5. நுரைக் காதடைப்பானுக்குப் பாதியையே கழிக்கச் சொல்கிறது அதே நிறுவனம். இவை தொடரொலிக்கு வகுத்த கணக்குகள். வெடியோசைக்கு ஓர் உத்தேசமே தரும்.

160 டெசிபெல்லை நெருங்கும் துப்பாக்கிகளுக்கும் மூடிய கூடங்களுக்கும் ஒற்றைக் காப்பு போதாது. உள்ளே நுரைக் காதடைப்பானும் மேலே மின்னணுக் காதுமூடியும் அணியவேண்டும். இரண்டின் எண்களைக் கூட்டிவிடக்கூடாது. பெரிய எண்ணுடன் 5 டெசிபெல் சேர்ப்பதே வழக்கமான கணக்கு. மின்னணுப் பகுதியின் ஒலியைக் கூட்டி வைத்தால் காதடைப்பானையும் தாண்டிப் பேச்சு கேட்கும். இரட்டைக் காப்பைத் தாங்கக்கூடியதாக்கும் சிறப்பு இது.

பொருத்தமும் வசதியும்

விளிம்பில் தலைமுடியளவு இடைவெளி இருந்தாலும் ஒலி உள்ளே நுழையும். பொருத்தம் தவறுவதன் விலைக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கப் படையினர் அணிந்த ஒரு வகைக் காதடைப்பான் நீளம் போதாமல், அணிந்தவருக்கே தெரியாதபடி தளர்கிறது என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். தயாரித்த த்ரீஎம் நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்காமலேயே 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலர் தர உடன்பட்டது.

மூக்குக்கண்ணாடியின் தடித்த கை, பின்னல், காதோரம் தொங்கும் பூச்சரம், ஜிமிக்கி ஆகியவை மெத்தையை எழுப்பிவிடும். கண்பாதுகாப்புக் கண்ணாடிக்கு மெல்லிய தட்டைக் கையுள்ளதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தோட்டையும் ஜிமிக்கியையும் கழற்றி, முடியைக் காதுக்குப் பின் ஒதுக்கிய பிறகே காப்பை அணியவேண்டும். நுரை மெத்தையைவிட ஜெல் மெத்தை கண்ணாடிக் கையைச் சுற்றி நன்றாகப் படியும். தலைப்பாகை கட்டுவோருக்குக் கழுத்துப்பின் பட்டை உள்ள வகை ஏற்றது.

பொருத்தத்தை அறிய எளிய சோதனை உண்டு. மின்னணுப் பகுதியை அணைத்துவிட்டுப் பேசிப் பார்த்தால், குரல் தலைக்குள் முழங்கவேண்டும். இரு குவளைகளையும் கையால் அழுத்தும்போது சுற்றுப்புற ஒலி இன்னும் குறைந்தால் விளிம்பில் கசிவு உள்ளது என்று பொருள்.

ரைஃபிளும் ஷாட்கன்னும் சுடுபவருக்கு மெல்லிய குவளை வேண்டும். தடித்த குவளை, கன்னம் பதியும் கட்டையில் இடித்து விலகும். ஒலியும் புகும், குறியும் தவறும். கைத்துப்பாக்கிக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அதற்குத் தடித்த, கூடுதல் காப்புத் தரும் குவளையையே எடுக்கலாம். எடை பெரும்பாலும் 300 கிராமை ஒட்டியிருக்கும். பட்டை உச்சந்தலையில் பரவலாக அமரவேண்டும். கடையில் போட்டவுடன் சுகமாக இருப்பதை நம்பாமல், 20 நிமிடம் அணிந்தபின் தாடையும் காதுமடலும் வலிக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. வலிக்கும் காப்பு கழற்றப்படும் காப்பாகிவிடும்.

நீடித்த உழைப்பு

மும்பையில் செவிக்காப்பின் பகை வியர்வையும் கடற்காற்றும் மழைக்காலமும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்து, உப்புக் காற்று பேட்டரித் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். பேட்டரி அறையின் மூடியில் ரப்பர் வளையம் உள்ளதா, மைக்குகளுக்கு நுரையுறை உள்ளதா, தலைப்பட்டையின் உலோகக் கம்பி துருப்பிடிக்காததா என்பவற்றை வாங்கும்போதே பார்க்கவேண்டும். எங்கும் கிடைக்கும் டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடுவதும், மறந்துபோனால் தானே அணைந்துவிடுவதும் விரும்பத்தக்க வசதிகள். மெத்தை தனியே விலைக்குக் கிடைக்காத காப்பு, ஓரிரு ஆண்டில் வீணாகும்.

பயிற்சி முடிந்ததும் மெத்தையை மென்சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவேண்டும். ஸ்பிரிட், தின்னர் ஆகியவை அதில் விரிசல் உண்டாக்கும். ஈரமான மெத்தை காதில் பூஞ்சைத் தொற்றுக்கு வழி செய்யும். தொற்று பரவாதிருக்க ஒருவரின் காப்பை மற்றவர் பகிரக்கூடாது. நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வைக்கவேண்டும். பட்டையை விரித்த நிலையில் தொங்கவிட்டால் அதன் பிடிப்பு தளரும். மெத்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

போட்டி விதி

பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு, சுடுதளத்தில் எல்லோரும் செவிக்காப்பு அணிய வலியுறுத்துகிறது. அதேவேளை, ஒலியை வாங்கித் தரும் கருவி பொருத்திய காப்பைப் போட்டியில் வீரர்களும் பயிற்றுநர்களும் அணிய அனுமதிப்பதில்லை. செவித்திறன் குறைந்தோருக்கு விதிவிலக்கு உண்டு. எனவே போட்டியாளரிடம் மின்னணுக் காப்புடன் சாதாரண காதுமூடி ஒன்றும் இருக்கவேண்டும். போட்டி நெருங்கும் வாரங்களில் அதை அணிந்தே பயிலவேண்டும்.

எதை வாங்குவது

மாணவர் படையில் எப்போதாவது .22 ரைஃபிள் சுடுபவருக்குத் தர எண் பெற்ற சாதாரண காதுமூடியும் நுரைக் காதடைப்பானும் போதும். இவை நாக்தேவி தெரு போன்ற தொழிற்பொருள் சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. வாரந்தோறும் பயில்பவருக்கும், பயிற்றுநருக்கும், நாள் முழுதும் தளத்தில் நிற்கும் அலுவலருக்கும் மின்னணுக் காப்பே ஏற்றது. கையிருப்புப் பணம் குறைவென்றால் மலிவான மின்னணுக் காப்பைவிட நல்ல சாதாரண காப்பே மேல்.

செவிப் பரிசோதனை

பயிற்சியில் சேரும்போதே செவித்திறனை அளந்து பதிவு செய்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு வரவேண்டும். மும்பை பாந்திராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம். தாராவி, மாட்டுங்காவாசிகளுக்கு அருகிலுள்ள மாநகராட்சி மருத்துவமனை, சயானிலுள்ள லோக்மான்ய திலக் மருத்துவமனை. சுட்டபின் காதில் இரைச்சலோ அடைப்போ தோன்றினால், காப்பு அன்று தவறிவிட்டது என்று கொண்டு பயிற்சியை நிறுத்தவேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். சிகிச்சையால் திறன் மீளும் வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம்.